மச்சான் பிடித்த கயிறு

ஐம்பதுகளின் தொடக்கத்தில், கீழக்கரைக் கடலில் நான் சங்கு குளித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இடுப்பில் கயிறு கட்டி, கல்லைக் காலில் மாட்டி, மூச்சடக்கி இறங்குவோம். தடவி எடுத்த சங்குகளை வலைப்பையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டினால், தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். எங்கள் தோணியில் அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவரிடம்தான் கொடுப்போம். கூடப்பிறந்தவள் விதவையாக எவனும் சம்மதிக்கமாட்டான் என்ற கணக்குதான்.

என் மனைவியின் அண்ணன் அப்போதுதான் பட்டாளத்தை விட்டு வந்திருந்தார். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் பிரிவில் சேர்ந்து, பர்மா சண்டை வரை போனவர். ஆகாயத்திலிருந்து குதித்தவரே என் கயிற்றைப் பிடிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

முதல் நாளே அந்தத் தலைக்கனம் இறங்கிவிட்டது. அடியில் போய்க் கையைத் துழாவக்கூட இல்லை, விறுவிறுவென்று மேலே இழுத்துவிட்டார். ஏதோ ஆபத்து என்று பதறி வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அடுத்த முறையும் அதே கதை. மற்றவர்கள் பை நிறையக் கொண்டுவர, நான் வெறும் பையோடு வந்து மூச்சு வாங்கினேன்.

தோணிக்காரரான சம்மாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கடைசியில், "நாளைக்கும் வெறும்பையின்னா வேற ஆளை ஏத்திக்கிருவேன்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலோ வேறு மிரட்டல். "எங்க காக்கா கையிலேருந்து கயித்தை வாங்குனீக, நான் உம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் மனைவி. எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றும் அம்மாவை உம்மா என்றும்தான் சொல்வோம். தோணியும் போகக்கூடாது, பெண்டாட்டியும் போகக்கூடாது.

மறுநாள் காலை தோணியில் போகும்போது, சுண்டுமுன்னே ஏன் இழுக்கிறீர்கள் என்று மச்சானிடம் கேட்டேவிட்டேன். அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். ராவல்பிண்டிப் பக்கம் பயிற்சி நடந்ததாம். குதிக்குமுன் ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவனின் முதுகில் வாரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தோளில் தட்ட வேண்டுமாம்.

"நாந்தான் பார்த்தேன் மாப்புள. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. தோள்ல தட்டுனேன், குதிச்சான். அவனுக்கு விரியலை."

அதற்குப் பிறகும் அவர் பலமுறை குதித்திருக்கிறார். தான் குதிக்க அவருக்குப் பயமே இல்லையாம்.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "இது அப்படியில்லை மச்சான். இன்னைக்கு மொதல்ல நீங்க எறங்குங்க, நான் பிடிக்கிறேன். ஒண்ணுமில்லைன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். பட்டாளத்துக்குப் போகுமுன் அவரும் குளித்தவர்தான். கல்லை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

நான் அதுவரை யாருக்கும் கயிறு பிடித்ததில்லை. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றது. கயிறு கையில் தொய்ந்து கிடந்தது. அடியில் இருக்கும்போது இமைப்பதற்குள் போய்விடும் நேரம், மேலே நகரவே மாட்டேன் என்றது. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பேன்? அவர் சுண்டவே இல்லை. ஆனால் என் கை இழுத்துக்கொண்டிருந்தது.

வெறும் பையோடு தலையைத் தூக்கிய மச்சான், தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நான் சுண்டலையே மாப்புள, ஏன் தூக்குனீக?" என்றார். அவர்தான் முதலில் சிரித்தார். பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சம்மாட்டிகூடச் சிரித்துவிட்டார்.

அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அடியில் இருக்கும்வரை நான் கயிற்றை லேசாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைவு இருக்கும்வரை அவர் இழுக்கக் கூடாது. ஒரு கை அதற்கே போனாலும் பை ஓரளவு நிறைந்தது. தன் கண் மங்கும்வரை அவர்தான் எனக்குக் கயிறு பிடித்தார்.

உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்கியவன் நான்தான் என்று ஊரே சொல்லும். ஆனால் நான் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேலே ஒருவர் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.