கானில் இறங்காத வேட்டி

கண்டியில் பெரிய கானுக்கு இருபது வருஷம் கங்காணியாக இருந்தவர் கறுப்பையா. டவுனின் அழுக்குத் தண்ணீர் முழுதும் ஓடுகிற கான் அது. அதன் வாயில் குப்பையை மறிக்க ஓர் இரும்புத் தட்டி. ஹந்தானை மலையிலிருந்து வெள்ளம் இறங்கினால் ஆணியை உருவித் தட்டியைத் தூக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் குப்பை அடைத்து, தண்ணீர் கான் சுவரையே பெயர்த்துவிடும். கலங்கல் தண்ணீருக்குள் அந்த ஆணி இருக்கும் இடம் கறுப்பையாவின் காலுக்குத்தான் தெரியும். கானில் ஒரு இலை விழுந்தாலும் போட்டவனின் ஏழு தலைமுறையை இழுப்பார். தெருவே அவர் வாய்க்குப் பயந்தது.

இப்பேர்ப்பட்ட மனுஷன், மகள் சீதாவுக்கு மாப்பிள்ளை தேடும்போது மட்டும் கூசிப்போனார். தரகரிடம் தனக்குக் கந்தோரில் எழுத்து உத்தியோகம் என்று சொல்லிவைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கலஹாவில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்த ராஜலிங்கம் சம்பந்தியானார். பொய்யைச் சொன்னால் போதுமா, அதற்குக் காவலும் இருக்க வேண்டுமே. தன்னோடு கானில் இறங்கும் வீரய்யாவிடம், கல்யாணத்துக்குக் கான் ஆட்கள் யாரும் வரவேண்டாம், பிறகு தனியாகச் சாப்பாடு போடுகிறேன் என்றார். வீரய்யா தலையாட்டினான். அவன் முகத்தைக் கறுப்பையா பார்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், கானை ஒட்டிய அவர் வீட்டிலேயே கல்யாணம். பரிமாற வந்தவர்கள் எச்சில் இலைகளை அள்ளி அள்ளிக் கானில் வீசினார்கள். கறுப்பையாவுக்கு நாக்குத் துடித்தது. அதட்டினால் கங்காணிக் குரல் வெளியே வந்துவிடுமே என்று வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார்.

மூன்றாம் பந்தியில் மழை பிடித்தது. அரை மணியில் மலைத்தண்ணீர் இறங்கிவிட்டது. பந்தல் வாழைமரங்கள் இரண்டும் சரிந்து கானில் விழுந்து, இலைகளோடு சேர்ந்து தட்டியை அடைத்தன. பக்கத்துக் கடை சாஹுல் ஹமீது முதலாளி சாரத்தை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். தடவித் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கறுப்பையாண்ணே, ஆணி எந்தப் பக்கம் ஈக்குது?"

கானுக்கு இறங்கும் படியில் நின்ற ராஜலிங்கமும் அவர் ஆட்களும் சட்டென்று விலகினார்கள். நாற்றம் தாங்காமல் ஒதுங்குகிறார்கள் என்று கறுப்பையாவுக்கு உடம்பு கூசியது. தன் புது வேட்டியைக் குனிந்து பார்த்தார்.

"எனக்கு என்னா தெரியும் முதலாளி" என்றார்.

சாஹுல் ஹமீது அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கரையேறிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கான் சுவர் பிளந்தது. கீழே இருந்தது கான் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம். வீரய்யா வீட்டில் பாய், அரிசி, அடுப்பு எல்லாவற்றிலும் டவுனின் சாக்கடை ஏறியது. உயிர்ச்சேதம் இல்லை. அதைச் சொல்லி மனதைத் தேற்றப் பார்த்தார் கறுப்பையா, தேறவில்லை.

மறுநாள் காலையில் அங்கே சேறு வாரப் போனார். வீரய்யா "வாங்க கங்காணி" என்று மண்வெட்டியை நீட்டினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அறைக்குள் முதல் வாரலிலேயே வாழையிலைகள் வந்தன. அழைக்காத வீட்டுக்குக் கல்யாண எச்சில் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது. வீரய்யாவும் அதைப் பார்த்தான். கறுப்பையா ஒவ்வொரு இலையாகத் தன் கையாலேயே பொறுக்கினார்.

அதற்குப் பிறகு ஹந்தானைப் பக்கம் கறுத்தாலே தட்டியடியில் போய் நின்றுவிடுவார். மறு வருஷம் சீதாவின் பிள்ளையைப் பார்க்க வந்த ராஜலிங்கம், கொட்டுகிற மழையில் சம்பந்தி ஆணியை உருவுவதைக் கண்டு படியில் நின்றார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கறுப்பையா தண்ணீரில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் சம்பந்தி. நான் கான் கங்காணி."

"அது பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னயே தெரியும்" என்று ராஜலிங்கம் கையை நீட்டினார். "அன்னிக்கி நீங்க எறங்கணும்னுதானே நாங்க படியில வழி விட்டு நின்னோம்."

கறுப்பையா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. மழை விட்ட பிறகும் வெகுநேரம் கரையேறவில்லை.