பிங்பாங் மேசையில் யாழ்ப்பாணம்

நியூ ஜெர்சியில், ஐசலினில் டொக்டர் அங்கிள் வீட்டு பேஸ்மென்டில், ஒரு ஞாயிறு காலை, ஊரை விட்டு வந்த நாங்கள் யாழ்ப்பாணத்தை நிமிர்த்தக் கூடினோம். இனி எந்தச் சண்டை வந்தாலும், எத்தனை நாள் கரண்ட் போனாலும் ஊர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது திட்டம். முதல் வேலை, ஒரு தண்ணீர்த் தாங்கி. ஒன்றுக்குத்தான் வசதி இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் டொக்டர், இன்ஜினியர். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

பிங்பாங் மேசையில் தாளை விரித்து, ஞாபகத்திலிருந்தே வரைபடம் போட்டோம். அட, அந்த அநியாயத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவரவர் வீடு இருந்த ஒழுங்கை, அந்த ஒடுங்கிய சந்து, நியூ ஜெர்சி ஹைவே அகலத்துக்கு விரிந்தது. டொக்டர் அங்கிள் தான் படித்த பள்ளிக்கூடத்தை வரைந்த வரைவில், அவரே வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு இடமில்லாமல் போயிற்று.

"தாங்கி பள்ளிக்கூட வளவுக்குள்ளதான் வரவேணும். பிரச்சினை எண்டா சனம் அங்கதான் ஓடும்," என்றார்.

"உங்கட பள்ளிக்கூடம் எண்டபடியா சொல்லுறியள், அங்கிள்!" என்றேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் அம்மா இன்னும் எங்கள் ஒழுங்கையில் தனியாக இருந்தார். கிணறு உப்பாகிவிட்டது. குடிதண்ணீருக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்கிறார். கூப்பிட்டால் அமெரிக்காவுக்கு வரமாட்டாராம். ஆகவே நில மட்டம், குழாய் அழுத்தம் என்று வாயில் வந்ததையெல்லாம் இங்கிலீஷில் அடித்துவிட்டு, தாங்கியை எங்கள் வாசலிலேயே வரைந்தேன். அங்கிள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார்.

அம்மா அந்த வாரம் கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்பில் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். "அவவையே கேப்பம்," என்றார் அங்கிள். போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் விட்டோம்.

"அம்மா, எங்கட ஒழுங்கைக்குத் தண்ணித் தாங்கி வருது!" என்று பெருமையாகக் கத்தினேன்.

"உனக்கென்ன விசரே? அங்க இப்ப என்னை விட்டா ஆர் இருக்கினம்? எல்லா வீடும் பூட்டிக் கிடக்கு. பள்ளிக்கூடத்தில வையுங்கோ."

அங்கிள் வெற்றியோடு மேசையில் ஓங்கித் தட்டினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

"அவ்வளவு தூரம் வாளியோட எப்பிடியம்மா நடப்பியள்?"

"நடப்பன். தண்ணிக்குப் போனாத்தான் நாலு சனத்தின்ர முகத்தைப் பாக்கலாம். வாசலிலயே தண்ணி வந்தா, நான் ஆரோட கதைக்கிறது, பிள்ளை?"