உடைந்தால் யார் பார்ப்பது?

போன மாதம் லூமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரியில் வாந்தி எடுத்தேன். குட்டிப் பயணம். அலைகூட இல்லை. இந்தத் திங்கட்கிழமை, கடற்படையில் சேர விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

என் வியாதி உங்களுக்குத் தெரியும் — ரேடியோ, டிவி, எதைக் கண்டாலும் பின்மூடியைக் கழற்றிவிடுவேன். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் படிக்க வழி தேடுகிறேன். காலேஜுக்கு வசதியில்லை. ராணுவத்திலோ சோறும் போட்டு, சம்பளமும் தந்து, ரேடார் வரைக்கும் சொல்லித் தருகிறார்களாம். விண்ணப்பப் பாரத்தில் மூன்று கட்டங்கள்: தரை, கடல், ஆகாயம். ஒன்றில்தான் டிக் போடலாம். தப்பான கட்டத்தில் போட்டால்...? வருஷக்கணக்கில் ஸ்டோரில் பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

"ஆகாயத்துல போடு மச்சான்," என்றான் குமார். ஈப்போ புந்தோங்கில் எனக்குப் பக்கத்து வீடு. அவனும் பாரம் வாங்கியிருந்தான். "நீல யூனிஃபார்ம். பொண்ணுங்க திரும்பிப் பாக்கும்."

"ரேடார் கத்துத் தருவாங்களா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும் லா. உடுப்பப் பாரு."

என் அக்கா வேறு மாதிரி. ஃபேக்டரியில் ஐந்து வருஷமாக ரேடியோ போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கிறாள். பாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாமான் ஒடஞ்சா யாரு பாக்குறதுன்னு கேட்டியா?"

"அது எதுக்குக்கா?"

"எங்க லைன்ல ஒரு போர்டு வேல செய்யலன்னா செவப்புத் தொட்டியில போட்டுட்டு அடுத்தத எடுக்கணும். இத்தன வருசத்துல ஒன்னக்கூட நான் பிரிச்சுப் பாத்ததில்ல. செய்யத் தெரியுது. ஏன் பாடுதுன்னு தெரியல. நீயும் அப்படி ஆயிடாத."

சுருக்கென்றது. வேலை தேடும்போது நாம் எதை விசாரிக்கிறோம்? சட்டை, சம்பளம், பென்ஷன். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளைப் பற்றிய கேள்விகள். உடைகிற நாளைப் பற்றி யாராவது கேட்கிறோமா?

நான் கேட்டேன். சனிக்கிழமை ஈப்போ திடலில் மூன்று படைகளும் ஆள் சேர்க்கக் கூடாரம் போட்டிருந்தன. தரைப்படைக் கூடாரத்தில் இருந்தவர், வெளிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவோம் என்றார். விமானப்படைக்காரர், பழுதான பெட்டியைக் கழற்றிப் புதுப்பெட்டி மாட்டுவோம், பழையது வெளிநாட்டுக்குப் போகும் என்றார். சொல்லும்போது அவருக்கு ஒரே பெருமை. எனக்கு அக்காவின் சிவப்புத் தொட்டி ஞாபகம் வந்தது.

கடற்படைக் கூடாரத்தில் இருந்தவர் நம் ஆள், பாகான் டத்தோ ஊர்த் தமிழர். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"நடுக்கடல்ல கடை ஏது தம்பி? நாமதான் பிரிக்கணும், நாமதான் பூட்டணும்."

எனக்குள் விளக்கு எரிந்தது. வயிறு மட்டும் பயந்தது. "எனக்கு ஃபெரியிலயே வாந்தி வருது அண்ணே."

"எனக்கு இன்னமும் வருது. மொத ரெண்டு நாளு பக்கத்துல வாளி, கையில ஸ்க்ரூடிரைவர். ரேடார் காத்துக்கிட்டு இருக்காது லா."

அங்கேயே டிக் போட்டேன்.

"ரெண்டு வாளியா எடுத்துக்கிட்டுப் போ," என்றான் கூட வந்திருந்த குமார், நீலச் சட்டைக் கனவோடு.

புதன்கிழமை அக்கா ஒரு காரியம் செய்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டு, சிவப்புத் தொட்டியிலிருந்து ஒரு போர்டை வாங்கி வந்தாள். "கப்பல் ஏறுறதுக்கு முன்ன இதப் பாட வச்சுக் காட்டு."

பேட்டரியும் ஸ்பீக்கரும் மாட்டி, மீட்டரை வைத்து ஒரு மணி நேரம் குடைந்தேன். டிரான்சிஸ்டர் போயிருக்கும், கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று வாய் நிறைய விளக்கம் வேறு. போர்டு மூச்சு விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகக் குனிந்தாள்.

"இந்தப் பொட்டு மட்டும் மங்கலா இருக்கு பாரு. ஈயம் சரியாப் புடிக்கல."

பற்றவைக்கும் இரும்பைச் சுடவைத்து ஒரு தொடு தொட்டாள். ஸ்பீக்கர் கரகரத்தது. அப்புறம் பாட்டு வந்தது. அக்கா எழுந்திருக்கவே இல்லை. பாட்டு முடியும்வரை அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால், பழுது பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றுதான் சொல்லப்போகிறேன் — எங்கள் வீட்டில்.