கலியாண வீடியோ அங்கிளும் என் கொல்ஃப் வீச்சும்

கொல்ஃப் விளையாடி அமெரிக்கக் கல்லூரிக்குப் போகப்போகிறேன் என்று நான் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து, ஸ்கார்பரோ, டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள். "அப்ப மகள் டொக்டருக்குப் படிக்கேல்லையோ அண்ணை?" அப்பாவுக்கும் முதலில் அது தடியால் அடிக்கும் "உந்தப் பொல்லு விளையாட்டு"தான். ஆனால் பள்ளி அணியில் நான் முதல் இடத்துக்கு வந்ததும், சனிக்கிழமைகளில் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, எரியும் கண்களோடு என்னைப் பயிற்சி மைதானத்துக்கு ஏற்றிப்போகத் தொடங்கினார். விதிகள் ஒன்றும் அவருக்குத் தெரியாது. பந்தைத் தூரம் அடிப்பவர் வெல்லுவார் என்று கடைசிவரை நம்பினார்.

ஹைஸ்கூல் கடைசி வருடம் ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியின் கோச் கடிதம் எழுதினார். பெண்கள் அணியில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அது கிடைத்தால் படிப்புச் செலவில் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் எனக்கும் கொல்ஃபுக்கும் அத்தோடு சரி. நான் மட்டை வீசுவதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்து மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். கமரா அசையவே கூடாது.

வீடியோ என்றதும் அப்பாவுக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்தார். அக்காவின் கலியாணத்தைப் படம் பிடித்த அங்கிள். ஸ்கார்பரோவில் பாதிக் கலியாணங்களுக்கு அவரே சாட்சி. மைதானத்துக்குக் கோட்டும் சூட்டுமாக, வெள்ளைக் குடை பொருத்திய லைற்றோடு வந்து இறங்கினார்.

"பிள்ளை, எத்தினை உடுப்பு மாத்துறாய்?"

"ஒண்டுதான் அங்கிள்."

மனிதருக்கு முகம் வாடிவிட்டது. கோச் கேட்டதையெல்லாம் நான் விளக்க, "ஓம் ஓம், எனக்கு விடு" என்றார். அம்மா எல்லாருக்கும் சாப்பிட ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார்.

கசெற் தயாரானதும் அப்பா எனக்குக் காட்டாமலே தபாலில் போட்டுவிட்டு, பிரதி ஒன்றைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தோம். நாதஸ்வரம் முழங்க ரோசாப்பூ விரிந்தது. பூவுக்குள் என் முகம். நான் மட்டையை ஓங்கும்வரை எல்லாம் சரி. அடிக்கும் நேரம் பார்த்துக் கமரா என் கன்னத்துக்குக் கிட்ட வந்து, அங்கிருந்து ரோல்ஸ் கடிக்கும் அம்மாவிடம் போய்விடும். கை இல்லை, கால் இல்லை, பந்து இல்லை. என் சிரிப்பு மட்டும் மூன்று தரம் ஸ்லோ மோஷனில் வந்தது.

"வடிவாயெல்லோ இருக்கு," என்றார் அப்பா.

"என்ர வாழ்க்கையையே நாசமாக்கிப் போட்டியள்!" என்று கத்திவிட்டு அறைக் கதவை அடித்துச் சாத்தினேன். அந்த வயதில் என் வாழ்க்கை கிழமைக்கு ஒரு தரம் நாசமாகும். ஆனால் அன்று உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கசெற் போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் கோச் ஃபோன் எடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "உன் அப்பா என்னை அழைத்தார். பிழை மகளுடையதல்ல, தன்னுடையது என்று நாலு தரம் சொன்னார். இன்னும் ஒரு கிழமை தருகிறேன்." தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, வேலையிடத்து ஃபோனில் அப்பா என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அங்கிள் கமராவை முக்காலியில் பூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடாதபடி அப்பா பக்கத்தில் காவல் நின்றார். நான் வாளி நிறையப் பந்துகளை அடித்து முடித்தேன்.

இந்த முறை தபாலில் போடுமுன் நானே தனியாக இருந்து கடைசிவரை பார்த்தேன். வீச்சு ஒவ்வொன்றும் நன்றாக விழுந்திருந்தது. நான் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போன பிறகும் கமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெறும் புல்தரை. அதன் மேல் இரண்டு குரல்கள்.

"இது கட்டாயம் எடுபடும் அண்ணை," என்றார் அங்கிள்.

"எடுபட்டால் போயிடுவாள். எடுபடாட்டி அழுவாள்," என்றது அப்பாவின் குரல். "எதைக் கேட்டுக் கும்பிடுறதெண்டு தெரியேல்லையடாப்பா."

திருப்பித் திருப்பிக் கேட்டேன். கோச்சுக்குத் தமிழ் தெரியாது. கசெற்றை அப்படியே அனுப்பினேன். கேட்டதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளவில்லை. பதில் வரும்வரை தினமும் அவருக்குப் பக்கத்தில் இருந்து நியூஸ் பார்த்தேன். எனக்குச் சுகமில்லையோ என்று அவர் அம்மாவிடம் விசாரித்தாராம்.

இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தை அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு உள்ளே போய் வேட்டி கட்டிக்கொண்டு கார்த் திறப்புக் கொத்தோடு வந்தார்.

"வெளிக்கிடு. தேங்காய் வாங்கிக்கொண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டப் போகவேணும்."

"இண்டைக்கேவோ? ஏனப்பா?"

"நேத்திக்கடன் வைச்சனான். உனக்குக் கிடைச்சால் இருபத்தொரு தேங்காய் உடைக்கிறனெண்டு."

வழி முழுக்கக் காலடியில் கிடந்த தேங்காய்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால், நான் போகவில்லை அப்பா என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.