காப்புக் கட்டிய வாரம் வந்த தந்தி

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்தார். லீவில் வந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் நாங்கள் ஒன்றாக இருந்தது இரண்டரை வருடம் தேறாது. எழுபத்தெட்டில் ஒரேயடியாக எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்கு வந்து சேர்ந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டியை உள்ளே இறக்கியதும், இனி இது எங்கேயும் போகாது என்று அதன்மேல் நெல் மூட்டையைத் தூக்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாலு மாதம்போல ஒரு காலம் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விடியும் முன்பே கிணற்றடியில் சவரம் செய்துகொள்வார். படுக்கையை மூலைக்கு மூலை பிசகாமல் மடிப்பார். மாட்டுக்கு வைக்கோல் போடக்கூட மணி பார்ப்பார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

வாலாஜாபாத்தில் ஒரு பேங்கில், பட்டாளத்துக்காரருக்கென்று ஒதுக்கிய காவலாளி வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. பட்டாளத்து ரேஷன் ஸ்டோரைக் கவனித்துக்கொண்டே தபாலில் பி.ஏ. முடித்தவர் அவர். மெட்ராஸில் எம்.பி.ஏ. படிக்க எழுதிப் போட்டிருந்தார். இரண்டு வருடம் ஹாஸ்டலில் தங்க வேண்டுமாம்.

"யாவாரத்தக் கூடவா படிப்பாங்க? உத்திரமேரூர் சேட்டு எந்தக் காலேஜுல படிச்சாரு?" என்றேன்.

"ஆயிரம் பேருக்கு அரிசி பருப்பு குறையாம பாத்துக்கினவன் நானு. பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டுக்கினு குந்தச் சொல்றியா?" என்றார்.

இடம் காலியானால் கூப்பிடுவதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். காலியாகக் கூடாது என்று நான் அம்மனிடம் வேண்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது.

ஆடி மாதம் அவர் கரகம் எடுக்கக் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவுத் தீட்டு வந்தால் காப்பை அவிழ்த்துவிட வேண்டும். வியாழக்கிழமை அவர் ஏரிக்குக் குளிக்கப் போயிருந்த நேரம், சைக்கிளில் தந்தி வந்தது. சாவைத் தவிர வேறு எதற்கும் எங்கள் தெருவுக்குத் தந்தி வந்ததில்லை. வந்தவாசியில் அவருடைய அக்கா படுத்த படுக்கையாக இருந்தாள். அவள்தான் போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாது; யாரையாவது படிக்கச் சொன்னால் தீட்டு வந்துவிடும். உளுந்துப் பானைக்குள் செருகி மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கரகம் எடுத்தார். பூவும் வேப்பிலையுமாக அவர் தெருவில் வந்த வருகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திங்கட்கிழமை காலை காப்பை அவிழ்த்த பிறகுதான் தந்தியைக் கையில் கொடுத்தேன். "உங்க அக்கா பூட்டாங்க போல கீது" என்றேன்.

நின்றபடியே படித்தார். "அக்கா நல்லாத்தான் கீறா. காலேஜுலேந்து வெள்ளிக்கெயமைக்குள்ள வந்து சேரச் சொல்லி கீது. என் சீட்டுதான் பூட்டுது."

பேங்க் வேலைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். நான் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"கெளம்புங்க. தப்பு பண்ணவ நானு. நானே வந்து சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்றார். நான் கேட்டால்தானே.

கல்லூரியில், உள்ளே போக உத்தரவு வரட்டும் என்று வீட்டுக்காரர் வாத்தியார் அறை வாசலிலேயே விறைப்பாக நின்றார். நான் உள்ளே போய்விட்டேன். அவரைவிடச் சின்ன வயது வாத்தியார்தான் இருந்தார். தந்தி, காப்பு, உளுந்துப் பானை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். அதை எப்படி வாயால் சொல்வது?

"திருக்கழுக்குன்றம் மலைமேல கீறாரே சார், அந்தச் சாமி பேரு."

"வேதகிரியா?" என்று சிரித்துவிட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடும் கடிதம் இன்னும் அனுப்பப்படாமல் மேசைமேல் இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு வருடம் தனியாகச் சமாளிப்பீர்களா என்று கேட்டார்.

"பதினஞ்சு வருசம் சமாளிச்சேன் சார், இது இன்னா" என்றேன்.

வீட்டுக்காரரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். செங்கல்பட்டு தாண்டியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவள், யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள்.

"இல்லம்மா. எங்க வூட்டுக்காரரு காலேஜுல சேந்துக்கீறாரு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.