புலிக்காட்டில் சுழி பார்த்தவர்

ஜேடர்பாளையத்தில் மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் காளியண்ணக் கவுண்டர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். சந்தையில் ஒரு காளையை அவர் ஒருமுறை சுற்றி வந்தால் போதும். நெற்றியிலும் முதுகிலும் விலாவிலும் மயிர் எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து, இது பட்டியைப் பெருக்கும், இது குடியைக் கெடுக்கும் என்று சொல்லிவிடுவார். அப்புறம் மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்ட தீர்மானக்காரர் தலைகால் புரியாமல் போனது இமயமலை அடிவாரத்துக் காட்டில்.

ஒரே மகள் கண்ணாத்தாளைக் கட்டிய வெள்ளியங்கிரி, ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை அறுக்கிற கான்டிராக்டரிடம் மேஸ்திரியாகி, பெண்டாட்டியோடு அந்த வடக்கத்திக் காட்டோரம் குடியேறிவிட்டான். காடு தோட்டத்தை விட்டுப் போகிறவன் என்ன மாப்பிள்ளை என்று கவுண்டருக்கு அவன்மேல் தீராத கடுப்பு. இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? கையோடு கூட்டிவந்துவிடுவது என்று மனைவி ஆத்தாயியுடன் ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தார்.

போன இடத்தில் மாப்பிள்ளை வேறு யோசனை வைத்திருந்தான்.

“சர்க்கார் புதுசா ஒரு காட்டை ஒதுக்கியிருக்குதுங்க மாமா. அங்க ஆரும் வேட்டையாடக் கூடாதுங்க. மானு, புலி எல்லாம் அது பாட்டுக்குத் திரியும். பாத்துட்டுப் போலாமுங்க.”

வேட்டையாடவும் கூடாது, மாடு மேய்க்கவும் கூடாது என்றால் அந்தக் காடு எதற்கு? கவுண்டருக்கு விளங்கவில்லை. ஆனாலும் மகள் ஆசைப்பட்டாள் என்று மாட்டுவண்டியில் ஏறினார். வெள்ளியங்கிரியே ஓட்டினான்.

புல்வெளியில் ஒரு மிருகம் நின்றது. உடம்பு குதிரை, கழுத்தில் ஆட்டுத்தாடி, தலையில் சின்னக் கொம்பு, நிறமோ மழைமேகம்.

“இங்கத்த சனம் இத நீலப் பசுன்னு சொல்றாங்க மாமா,” என்றான் வெள்ளியங்கிரி.

“எந்தக் குருட்டுப்பய சொன்னான்?” என்றார் கவுண்டர். ஆத்தாயி அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டாள். கும்பிடுவதா, சிரிப்பதா என்று தெரியாமல், கவுண்டர் எழுந்து நின்று அதன் முதுகில் சுழி தேடினார். அது முறைத்துப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

கொஞ்ச தூரத்தில் வண்டிமாடு இரண்டும் சடாரென்று நின்றன. அதட்டியும் நகரவில்லை. கவுண்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கடைசியில் தனக்குத் தெரிந்த விஷயம்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே குதித்தார்.

“பாருங்க மாப்ள, எடது மாட்டுக்கு விலாவுல சுழி. இது பாதி வழியில நிக்கற மாடு. வாங்கறப்பவே என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கோணும்.”

“அய்யா, பேசாம ஏறுங்க.”

கண்ணாத்தாள் துண்டைப் பிடித்து இழுத்தாள். மகளிடம் அப்படியொரு குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. ஏறி உட்கார்ந்ததும், மாட்டின் தோல் நடுங்குவது தெரிந்தது. புல் விலகியது. புலி தடத்தைக் குறுக்கே கடந்து, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்விட்டது. தலையைப் பார்த்தாரா வாலைப் பார்த்தாரா என்று கேட்டால் கவுண்டருக்குச் சொல்லத் தெரியாது. நினைவில் நின்றதெல்லாம் மகளின் கைகள்தான். ஒன்று அவருடைய துண்டில் இருந்தது. இன்னொன்று புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

“புலி நடக்கற ஊர்ல புள்ள பெக்க வேண்டாஞ் சாமி. எங்கூட வந்துரு,” என்றார் மகளிடம், வீடு திரும்பியதும்.

மாப்பிள்ளை சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்திருந்தார். அவனோ, “கூட்டிட்டுப் போங்க மாமா. இங்க ஆஸ்பத்திரியும் தூரமுங்க,” என்று சொல்லிவிட்டு அவளுடைய சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தான். கண்ணாத்தாள் அவன் மடித்து வைத்த சேலையை எடுத்துப் பிரித்து, மறுபடியும் மடித்தாள். வந்த காரியம் முடிந்தும் அன்று கவுண்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

ரயிலில் மகளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அவள் பிளாட்பாரத்தில் நின்ற புருஷனைக்கூடப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, காடு இருந்த திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தாயி பலகாரம் நீட்டினாள். திரும்பவில்லை.

சந்தையிலிருந்து ஓட்டிவந்த மாடு கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் பழைய கட்டுத்தறிப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். தீனி வைத்தாலும் தொடாது. ஆனால் இவள் பிறந்த வீட்டுக்கல்லவா போகிறாள்? பின்னே எதற்கு இந்தப் பார்வை? கவுண்டர் எழுந்து நின்றார்.

“எறங்கு சாமி.”

“ஏனுங்கய்யா?”

“எறங்குன்னா எறங்கு. ஆத்தாயி, நீயும் எறங்கு. ஆத்தா இருக்கற எடந்தான ஆத்தா ஊடு? பிரசவம் இங்கயே ஆகட்டும்.”

“நெசமாத்தான் சொல்றீங்களா? உங்களுக்கு ஆரு சோறாக்குவா?” என்று ஆத்தாயி கத்தினாள். அதை அவர் யோசித்திருக்கவில்லை. பெட்டியை எடுத்து மாப்பிள்ளை கையில் திணித்தார். மகளும் ஆத்தாயியும் இறங்கியதும் ரயில் ஊதிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கவுண்டரின் முகத்தைப் பார்த்து இந்தியில் என்னவோ கேட்டார்.

“ஆமாங்க, புள்ளைய அவ ஊட்டுல உட்டுட்டு வாரேன்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.