செம்பட்டி ரோட்டில் வந்த நம்ம ஆளு

போன தவக்காலம், பங்குனி உத்திரம் நெருங்கிய நேரம். செம்பட்டியில் அத்தையைப் பார்த்துவிட்டு அப்பாவும் நானும் நாகல் நகருக்கு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். மண்டையைப் பிளக்கிற வெயில்.

"நெஞ்ச என்னமோ பண்ணுதுடா" என்றார் அப்பா. ஓரங்கட்டுவதற்குள் என் முதுகில் சரிந்துவிட்டார்.

புளியமரத்தடியில் கிடத்தினேன். ஆம்புலன்ஸுக்கு அடித்தேன், வருகிறோம் என்றார்கள். அப்பாவின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. வருகிற காரையெல்லாம் மறித்தேன். கண்ணாடியில் சிலுவை தொங்கிய கார் ஒன்று வந்தது. கத்தினேன். அதுவும் பறந்துவிட்டது.

பங்கு மக்களே, பூசையிலேயே ஃபோன் நோண்டுகிற கேஸ் நான். அன்றைக்கு நடுரோட்டில் முட்டி போட்டேன். "மாதாவே, நம்ம ஆளு ஒருத்தரையாச்சும் அனுப்பு!"

வந்தது பழனிக்கு நடந்துபோகிற கூட்டம். தவக்காலம் முழுக்க அப்பா காவி கட்டுவார், செருப்புப் போடமாட்டார், கழுத்தில் ஜெபமாலை. தூரத்தில் பார்த்தால் பழனிக்குப் போகிறவர் மாதிரியே இருப்பார்.

"ஏலே, நம்ம சாமி விழுந்து கெடக்காருடா!"

ஓடி வந்தார்கள். கூட வந்த வேனிலிருந்து சோற்று அண்டாவை இறக்கினார்கள். அப்பாவைத் தூக்கும்போது ஜெபமாலையின் சிலுவை வெளியே விழுந்தது. முன்னால் நின்ற மீசைக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே... நாங்க வேதக்காரங்க."

அவர் அப்பாவின் பாதத்தைப் பார்த்தார். வெடிப்பு, கொப்புளம். பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

"இம்புட்டு வெயில்ல இவரும் வெறுங்காலோடதானப்பு வந்திருக்காரு. ஏறு! காலேஜ் புள்ள, பேசிக்கிட்டே நிக்கிது பாரு."

அப்பாவைத் தாங்கிப் பிடிக்க அவரும் ஏறினார். கூட்டத்தில் ஒருவர் பதறினார்: "நடந்தே வாரேன்னு வேண்டிக்கிட்டு வண்டியில ஏறலாமா மாமா?"

"திரும்பி வந்து இதே மரத்துலருந்து நடக்குறேன். முருகன் கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ அண்டாவப் பாரு, காக்கா வாய வைக்குது."

திண்டுக்கல் வரைக்கும் அப்பாவின் தலை அவர் மடியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பேரைக்கூடச் சொல்லாமல் அந்தப் புளியமரத்துக்குத் திரும்பிப் போனார்.

அப்பா பிழைத்துவிட்டார். ஈஸ்டர் பூசைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போதெல்லாம் ரோட்டில் யார் விழுந்து கிடந்தாலும் என் பைக் நிற்கும். கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பதில்லை.

நம்ம ஆளை அனுப்பு என்று கேட்டேன். மாதா அனுப்பினார். அவர் நம்ம ஆள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்களுக்கும் முட்டி போடுகிற நாள் வந்தால் நம்பிக் கேளுங்கள். வந்து நிற்பவர் யாரானாலும் கையைக் கொடுங்கள்.